இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்கிறார்களே!

கேள்வி:

அப்பா 1979-ல் நங்கநல்லூரில் கட்டிய வீடு. அவர் போய் ஆறு வருடமாகிறது. அம்மாவும் இந்த மாசியில் தவறிவிட்டார். வீட்டை பில்டரிடம் ஒப்படைக்க இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். “எல்லாத்தையும் ஏதாவது ஹோமுக்குக் கொடுத்துடுக்கா, புண்ணியமாப் போகும்” என்று சொல்லிவிட்டான். இரண்டு ஹோம்களுக்கு போன் செய்தேன். ஒருவர் போட்டோ அனுப்பச் சொன்னார். நாற்பது போட்டோ அனுப்பியதில் வீல்சேரையும் பெட்ஷீட்டையும் மட்டும் கேட்டார். இன்னொருவர், “துணி வேண்டாம்மா, அரிசி பருப்புன்னா அனுப்புங்க” என்றார். மனசு கஷ்டமாகிவிட்டது.

அம்மாவின் புடவைகளே நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பித்தளை, எவர்சில்வர், பழைய ஃப்ரிட்ஜ், டப்பா டிவி, கிரைண்டர், இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, இன்வெர்ட்டர், அப்பாவின் புத்தகங்கள், பாதி தீர்ந்த மருந்துகள், இன்னும் என்னென்னவோ கிடக்கின்றன. பெருங்குடி குப்பைமேடு எரிந்தபோது புகை எங்கள் தெருவரை வந்தது. அங்கே கொண்டுபோய்க் கொட்ட மனம் ஒப்பவில்லை. அப்பாவின் ஈஸிசேரை யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை, என் ஃப்ளாட்டில் இடமும் இல்லை. நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

– வாசகி, சென்னை

பதில்:

வணக்கம் அம்மா. வேண்டாம் என்று சொன்ன அந்த இரண்டு ஹோம்கள் மேல் வருத்தம் வேண்டாம். அவர்கள் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள். மறுக்கத் தெரியாத ஹோமாக இருந்தால் எல்லாவற்றையும் வாங்கி வராந்தாவில் போட்டு, ஒரு மழைக்காலம் நனையவிட்டு, கடைசியில் மாநகராட்சி வண்டியில் ஏற்றியிருப்பார்கள். கொடுத்த நிம்மதியில் நீங்கள் தூங்கியிருப்பீர்கள். பொருள் போய்ச் சேர்ந்த இடம் அதே பெருங்குடியாக இருந்திருக்கும்.

பதினெட்டு வருடமாக, மற்றவர்கள் கொடுக்கும் வீட்டுப் பொருட்களைத் தரம் பிரித்து, தேவைப்படும் இடத்துக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறேன். மார்கழி கடைசி வாரம் எங்கள் ஷெட்டுக்கு வந்தால் இந்தத் தொழிலின் முழு லட்சணமும் தெரியும். போகிக்கு எரிக்காமல் எங்களிடம் கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் மூட்டையைப் பிரித்தால் ஒற்றைச் செருப்பு, கொக்கி இல்லாத ரவிக்கை, மூடி தொலைந்த டிபன் பாக்ஸ், போன வருடத்துக்கு முந்தைய வருடத்து காலண்டர். ஒருமுறை நல்ல ஸ்கூல் பை ஒன்று வந்தது. சந்தோஷமாக ஜிப்பைத் திறந்தேன். உள்ளே இட்லி இருந்தது. எத்தனை நாள் இட்லி என்று கேட்காதீர்கள். பத்து மூட்டையில் மூன்று தேறினால் அன்றைக்கு நல்ல நாள். மிச்சத்தைக் குப்பைக்கு அனுப்பும் வண்டி வாடகையும் எங்கள் தலையில்தான் விழும்.

சுனாமி வந்த 2004-ஐ நினைத்துப் பாருங்கள். நாடே துணி அனுப்பியது. நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் மலை மலையாகப் பழைய துணி குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மீனவக் குடும்பங்களே அதில் கையை விட்டுத் தேட விரும்பவில்லை. அன்ஷு குப்தா 1999-ல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, பிறகு அந்தக் குவியல்களை எடுத்துத் தரம் பிரித்துப் பயனாக்கும் வேலையில் இறங்கியது. சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பரில், நானே ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து துணி பிரித்தேன். ஈரம் காயாத மூட்டைகள் மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்துவிட்டன. அன்றைக்கு மக்கள் கேட்டது பாயும் போர்வையும் புது உள்ளாடையும். எங்களிடம் இருந்ததோ ஜிகினா வைத்த சல்வார்.

அதனால் ‘எங்கே கொடுப்பது’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘இது யாருக்கு வேண்டும்’ என்று ஒவ்வொரு பொருளாகக் கேளுங்கள். ஆள் தெரியாமல் கொடுத்தால் நம் வீட்டுக் குப்பை முகவரி மாறிப்போகிறது, அவ்வளவுதான். அந்த ஹோம்காரர் போட்டோ கேட்டு இரண்டே இரண்டு பொருளைப் பொறுக்கினாரே, அவர் தொழில் தெரிந்தவர். அந்த இரண்டையும் முதலில் அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

வீல்சேரை அப்படியே தள்ளிவிட வேண்டாம். டயரில் காற்று நிற்கிறதா, இரண்டு பக்க பிரேக்கும் பிடிக்கிறதா, கால் வைக்கும் பலகை ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுங்கள். சைக்கிள் கடையில் கொடுத்தால் இந்தச் சில்லறை வேலையெல்லாம் முடித்துத் தருவார். வாக்கர், கமோடு நாற்காலி, ஏர் பெட் ஏதாவது இருந்தால் ஹோமைவிட வலி நிவாரண ஆதரவு சிகிச்சை மையங்களைக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் பல, நோயாளியின் வீட்டுக்கு இரவலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒரு கமோடு நாற்காலி ஐந்தாறு வீடு சுற்றிவரும். ஏர் பெட் என்றால் ஒரு ராத்திரி முழுக்க மோட்டாரை ஓடவிட்டு, காலையில் காற்று நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கசிகிற ஏர் பெட் படுக்கைப்புண் உள்ளவரைத் தரையில் போட்டதற்குச் சமம். பிரிக்காத டயாப்பர் பாக்கெட்டுகளைக் கையோடு சேர்த்து அனுப்புங்கள். அவை எப்போதும் வேண்டும், எவ்வளவு இருந்தாலும் போதாது.

மருந்துகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். முதியோர் இல்லங்களுக்கு வரும் மருந்துப் பைகளை நான் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரிப்பை வெட்டி வெட்டிச் சாப்பிட்டதில் காலாவதித் தேதி இருந்த பக்கம் காணாமல் போயிருக்கும். திறந்த சிரப்பும் பாதி இன்சுலினும் அதில் கிடக்கும். இதை யாரை நம்பி யாருக்குக் கொடுப்பது? பிரிக்காத அட்டையும் பில்லும் இருந்தால் வாங்கிய மருந்துக்கடையில் கேளுங்கள், சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மற்றவற்றைத் தனிப் பையில் கட்டி, ‘மருந்து’ என்று எழுதி, வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். கடைசி நாட்களில் அம்மாவுக்கு ட்ரமடால், மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி பலமான வலி மருந்து கொடுத்திருந்தால் அவற்றைக் குப்பையிலும் போடக்கூடாது. தவறான கையில் சிக்கினால் ஒரு மாத்திரைகூட ஆளைக் கொல்லலாம் என்பதால், இந்த வகையில் 17 மருந்துகளைப் பட்டியலிட்டு, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடச் சொல்லி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வழிகாட்டியிருக்கிறது.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் உண்மையிலேயே மதிப்புள்ள சரக்கு அதுதான். அதிகமாக வீணாய்ப் போவதும் அதுதான். பித்தளை அண்டா, தவலையெல்லாம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹோம் சமையலறைக்கு இவை சரிப்படாது. உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசியிருந்தால்தான் பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்க முடியும். பூச்சு போய்விட்டால் களிம்பு இறங்கும். இன்றைக்கு ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. அன்னதானம் நடக்கிற சிறிய கோயிலோ, கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசலோ கேட்டால் கொடுங்கள். கேட்டால் மட்டும். வேண்டாம் என்றால் எடைக்குப் போடுங்கள்.

எடைக்குப் போடுவது பாவம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. ‘அம்மாவோட தவலையைக் காயலான் கடையில போட்டுட்டாளே’ என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்ற பயம் வேறு. ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த ஆளை ஞாபகம் இருக்கிறதா? மறுசுழற்சி என்ற வார்த்தையே நம் காதில் விழாத காலத்தில் அந்த வேலையைச் செய்தவர் அவர்தான். பித்தளை உருகிப் பித்தளையாகத் திரும்பி வரும். குப்பைமேட்டுக்குப் போகவே போகாது. எடைபோட்டு வரும் பணத்தை அந்த ஹோமுக்கு அம்மா பெயரில் கொடுங்கள். அரிசி பருப்பு கேட்டார் இல்லையா, அது ஆயிற்று. வரிச் சலுகை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. பொருளாகக் கொடுத்தால் வருமான வரிக் கழிவு கிடையாது, பணத்துக்குத்தான் உண்டு. அதுவும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது. புதிய வரிமுறையில் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

எவர்சில்வர் அப்படியில்லை, உடனே கைமாறும். கல்யாணத்துக்கு வந்த டபரா, தட்டு, தூக்குகளில் பெயர் வெட்டியிருக்கும். அதைப் பார்த்துச் சிலர் கொடுக்கத் தயங்குவார்கள். வாங்குகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் ஷெட்டில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் வீட்டில் ஏழெட்டுக் குடும்பத்துப் பெயர் வெட்டிய தட்டுகள் இருக்கின்றன. அவருடைய பேரன் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தத் தட்டுகளில்தான். தட்டு நாலு, டம்ளர் நாலு, பாத்திரம் மூன்று, கரண்டி என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய செட்டாகக் கட்டுங்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து புதிதாகக் குடித்தனம் வைப்பவர்களுக்கு ஒரு செட் அப்படியே உதவும். கோட்டிங் உரிந்த நான்ஸ்டிக் தவா, விரிசல் விட்ட மெலமைன், கைப்பிடி ஆடும் குக்கர் இவையெல்லாம் செட்டில் வேண்டாம். குக்கர் நன்றாக இருந்தால் புது காஸ்கெட்டும் புது சேஃப்டி வால்வும் போட்டுக் கொடுங்கள், பெரிய செலவில்லை.

புடவைகளை ஒரே நாளில் பிரித்துவிட முடியாது. நீங்களும் அழுதுகொண்டுதான் பிரிப்பீர்கள், தெரியும். சகோதரியையோ நெருங்கிய தோழியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டு. பழைய அசல் ஜரிகையில் வெள்ளி உண்டு. ‘பழைய பட்டுப்புடவை வாங்குறோம்’ என்று வாசலில் வருகிறவரிடம் முதல் விலைக்கே கொடுத்துவிடாமல் இரண்டு கடையிலாவது கேளுங்கள். இற்றுப்போகாத பட்டு என்றால் அம்மாவிடம் பழகிய பெண்களுக்கு ஆளுக்கொன்று என்று பதினாறாம் நாளோ வருஷாப்தியிலோ கொடுப்பது நம் வீடுகளில் இருக்கும் வழக்கம்தானே. அடுத்தது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வாயில், காட்டன் புடவைகள். இவற்றைக் கிழிசல் என்று ஒதுக்காதீர்கள். பிறந்த குழந்தையைச் சுற்ற, தூளி கட்ட, இதைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் கிடையாது. தெரிந்த வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொடுங்கள். சிந்தெட்டிக் புடவைகளில் நல்லவை தினக்கட்டுக்கு உடனே போய்விடும், அயர்ன் பண்ணுவதும் மிச்சம் என்று கேட்டு வாங்குவார்கள். ரவிக்கை யாருக்கும் பொருந்தாது. அளவைப் பிரித்து மறுபடி தைக்கிற பொறுமையும் யாருக்கும் இல்லை.

நைந்த பெட்ஷீட், துண்டு, பருத்தித் துணியெல்லாம் தனி மூட்டை. வேளச்சேரியில் இருக்கும் ப்ளூ கிராஸ் மாதிரி விலங்குக் காப்பகங்களுக்கு விரிப்புக்குத் துணி தேவைப்படும். போன் செய்துவிட்டுப் போங்கள். மெக்கானிக் ஷெட்டிலும் கை துடைக்க வாங்கிக்கொள்வார்கள். ஏன் துணியைப் பற்றி இவ்வளவு இழுக்கிறேன் என்றால், பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளில் பல வருடக் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. மண்ணோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் துணியும் கயிறு கயிறாக வருகின்றன. பாலியஸ்டர் புடவை மக்காது. எந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொள்ளும். எரிபொருளாக சிமென்ட் ஆலைக்கு அனுப்புவதுதான் அதற்கு மிஞ்சும் வழி. பெருங்குடிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதற்கு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததும் 2022-ல்தான், நீங்கள் சொன்ன அந்தத் தீ எரிந்ததும் அதே வருடம் ஏப்ரலில்தான்.

மின்சாரப் பொருட்களில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சறுக்குவார்கள். “ஓடுது சார், ஏழைப்பட்டவங்க யாராவது வெச்சுக்கட்டும்” என்பார்கள். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசே வீடு வீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-லிருந்து மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. நீங்கள் மனதில் வைத்திருக்கும் ‘இல்லாதவர்’ வீட்டில் உங்கள் கிரைண்டரைவிடச் சின்னதாய், கைக்கு அடக்கமாய் ஒன்று ஏற்கெனவே இருக்கலாம். உங்கள் வீட்டுக் கிரைண்டர் சாய்க்க முடியாத பழைய மாடல் என்றால் அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். மாவு விற்கும் பெண்கள் யாராவது இருந்தால் கேளுங்கள், அவர்களுக்குப் பயன்படும்.

டப்பா டிவிக்குக் கொடை வாழ்க்கை முடிந்துவிட்டது. பிக்சர் டியூப் போனால் சரிசெய்ய ஆள் கிடையாது. அந்தக் கண்ணாடியில் காரீயம் என்ற நச்சு ஈயம் இருக்கிறது. தெருவோரம் வைத்தால் யாராவது செம்புக் கம்பிக்காக உடைத்துவிட்டு ஈயக் கண்ணாடியை அங்கேயே விட்டுப் போவார்கள். ஃப்ரிட்ஜும் அப்படித்தான். 90-களின் ஃப்ரிட்ஜ் என்றால் உள்ளே ஓசோனைத் தின்னும் சிஎஃப்சி வாயுவே இருக்கலாம். காயலான் கடையில் குழாயை வெட்டிய நொடியில் அது காற்றில் கலந்துவிடும். அதோடு, இருபத்தைந்து வருட ஃப்ரிட்ஜை இலவசமாக வாங்குகிறவர் மாதா மாதம் கரண்ட் பில்லில் அதற்கு விலை கட்டுவார். நம் பழைய செலவை அவர் வீட்டுக்கு மாற்றிவிட்டது போலத்தான் ஆகும். டிவி, ஃப்ரிட்ஜ், பழைய போன், ஒயர் எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்து, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்தை வரச்சொல்லுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, விற்ற பொருள் பழசானதும் அதை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்ப்பது உற்பத்தியாளர் பொறுப்பு. எனவே டிவியின் பின்னால் இருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணிலும் கேட்கலாம். போன்களில் சிம்மை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அதற்கு முன்னால் அம்மாவின் போட்டோக்களையும், முக்கியமாக வாய்ஸ் மெசேஜ்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், பிறகு அவர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்.

இன்வெர்ட்டர் பேட்டரியை வாசலில் வரும் வண்டிக்குப் போடவே கூடாது. ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை எடுப்பார்கள். பேட்டரிக் கடையில் கொடுங்கள், பழசுக்கு விலையும் உண்டு. கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் தானம் கொடுக்க நம்முடையவையே அல்ல, கம்பெனியுடையவை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்தச் சான்றோடு ஏஜென்சிக்குப் போனால் வாரிசு பெயருக்கு மாற்றலாம் அல்லது ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கலாம். அந்தப் பழைய சந்தா ரசீது நிச்சயம் அப்பாவின் பீரோவில் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருக்கும். அந்தத் தலைமுறை அப்படி.

இலவம்பஞ்சு மெத்தை கறையில்லாமல், மூட்டைப்பூச்சி இல்லாமல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தையலோரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் பூச்சி இருக்கிறது. இல்லையென்றால் பஞ்சு அடிப்பவரைப் பிடித்து, பஞ்சை அடித்து, புது உறை போட்டுத் தலையணைகளாகத் தைத்துவிடலாம். இரண்டு மெத்தைக்குத் தாராளமாகத் தலையணைகள் தேறும். நோய்ப்படுக்கையாக இருந்த மெத்தையை மட்டும் யாருக்கும் தர வேண்டாம். அப்படிப்பட்ட மெத்தை, கிழிந்த சோஃபா, உளுத்த பிளைவுட் அலமாரி இவற்றுக்கு மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பெரிய பழைய சாமான்களைச் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துச் செல்லும் திட்டத்தை 2025 அக்டோபரில் தொடங்கினார்கள், ‘நம்ம சென்னை’ செயலியிலும் பதியலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இது அகற்றுகிற வழி. அங்கே போகும் பொருள் யார் வீட்டுக்கும் போய்ச் சேராது. அதனால் தேறுகிற எதையும் சோம்பலில் அந்த வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். தேக்குக் கட்டில், இரும்பு பீரோவுக்கெல்லாம் ஆள் தானாக வரும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

புத்தகங்களில் 2018-க்கு முந்தைய பள்ளிப் பாடநூல்களை எடைக்குப் போடலாம். அந்த வருடத்திலிருந்து பாடத்திட்டமே மாறிவிட்டது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசமாகவும் கிடைக்கிறது. பழைய நுழைவுத் தேர்வு கைடுகளும் அப்படியே. ஆனால் அப்பா பழைய தமிழ் இதழ்கள், தீபாவளி மலர்கள், சிறு பதிப்பக நூல்கள் ஏதாவது சேர்த்து வைத்திருந்தால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் கேளுங்கள். கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்து வைத்ததிலிருந்து 1994-ல் உருவான நூலகம் அது. முழுப் பட்டியலை எழுதி அனுப்பினால் அவர்களிடம் இல்லாததைச் சொல்வார்கள். மிச்சம் தெருமுனைக் கிளை நூலகத்துக்கோ பழைய புத்தகக் கடைக்கோ போகட்டும்.

வீட்டில் வேலை செய்யும் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிச்சயம் ஒருவர் இருப்பார். வெளியே யாருக்கும் போன் செய்யும் முன் அவரைக் கூப்பிட்டு, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரே எடுக்கட்டும். ‘இது வேண்டாம்மா’ என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல் விட்டுவிடுங்கள். எடுத்ததை அடுத்த நாளே அவர் விற்றாலும் கேட்காதீர்கள். கொடுத்த பிறகு அது அவருடைய பொருள். முக்கியமாக, இதைத் தீபாவளி போனஸ் கணக்கில் சேர்க்காதீர்கள்!

ஏழு வாரம் போதும். முதல் இரண்டு வாரம் எதையும் வெளியே அனுப்பாமல் பிரிக்க மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு மூலை எடைக்கு, ஒரு மூலை கேட்டுக் கொடுக்க, ஒரு மூலை அகற்ற. பிறகு ஒவ்வொரு இடமாக போன் செய்து மூன்றே கேள்வி: இப்போது என்ன தேவை, எத்தனை தேவை, என்றைக்குக் கொண்டு வரலாம்? கொண்டு போகும் செலவு உங்களுடையது. ஹோமிடம் ‘வண்டி அனுப்புங்க’ என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் ‘குட்டி யானை’ என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் மூன்று நான்கு இடத்தையும் முடித்துவிடலாம். போன இடத்தில் பிள்ளைகளை நிறுத்தி போட்டோ எடுக்கவும் வேண்டாம். தம்பிக்கு அனுப்ப ரசீது போதும்.

கடைசியில் அந்த ஈஸிசேர். கித்தான் துணி போட்ட, மடக்கும் வகைதானே? அந்தத் துணி எப்படியும் இற்றிருக்கும், உட்காராதீர்கள், கிழியும். மேலும் கீழும் இருக்கும் இரண்டு உருளைக் கட்டைகளை உருவினால் துணி தனியாக வந்துவிடும். பழைய துணியை அளவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூடாரத் துணி, ஷாமியானா தைக்கிற கடையில் அரை மணி நேரத்தில் தைத்துத் தருவார்கள். சட்டத்தை மடக்கினால் நாலு விரல் கனம்தான் இருக்கும், உங்கள் ஃப்ளாட்டில் கதவுக்குப் பின்னால் நின்றுவிடும். அதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.